கப்பல் டிக்கெட்டில் அம்மாவின் பெயர்

“கப்பல் டிக்கெட்ல அம்மா பேரு எப்படிம்மா போட்டிருக்கீங்க?”

2024 மே முதல் வாரம். அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. திருச்சி தில்லைநகரில் ஒரு டிராவல்ஸ் கடையில் எங்கள் ஒன்பது பேரின் பாஸ்போர்ட்டுகளையும் மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு பாய் இப்படிக் கேட்டார். அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் அக்கா வீட்டிலும் எங்கள் வீட்டிலும் பல வருஷமாக அவர் பாய்தான். அம்மாவின் பாஸ்போர்ட் அவர் கையில் விரிந்திருந்தது. நான், “சரியாத்தான் இருக்கு பாய்” என்றேன். சரியாக இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. ஃபோனைத் திறந்து புக்கிங்கைக் காட்டியிருந்தால் அரை நிமிஷ வேலை. நான் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்பதுதான் ஒரு வருஷத்துக்கு மேலாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

விஷயம் இங்கே தொடங்கவில்லை. அப்பாவுக்கு 70 வயது. திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்தோம். அதோடு சேர்த்து ஊரைக் கூட்டி ஒரு விருந்து வைப்பதா, இல்லை அந்தப் பணத்தில் அப்பா அம்மாவை எங்காவது கூட்டிப் போவதா என்று அக்காவும் நானும் பேசியபோது, அப்பாவிடமே கேட்டுவிடலாம் என்று கேட்டோம். ‘கப்பல்’ என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

எங்களுக்குப் புரிந்தது. அப்பா நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா ரஜூலா கப்பலில் பினாங்கு போனவர். 1926-ல் கட்டிய கப்பல் அது. 1970-களின் தொடக்கம் வரைக்கும் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. நாகையில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் கடலிலேயே நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். ஆறு வயதில், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று, தாத்தா இருந்த படகு சின்னதாகிக்கொண்டே போனதைப் பார்த்ததை அப்பா எங்களுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஏறிய கப்பலை அல்ல, ஏறாத கப்பலைப் பற்றி. சிங்கப்பூரில் கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புகிற நான்கு இரவு க்ரூஸ் இருக்கிறது என்று கண்டுபிடித்த அன்றே அது முடிவாகிவிட்டது. பினாங்கில் அப்பா கடல் வழியாகப் போய் இறங்க வேண்டும். எங்களுக்கு வேறு எந்தக் கணக்கும் இல்லை.

பாய் எழுதிக் கொடுத்த தாள்

ஜனவரியில் மூன்று சனிக்கிழமை நான் அந்தக் கடையில் போய் உட்கார்ந்தேன். அக்காவுக்கு தஞ்சாவூரிலிருந்து வர நேரமில்லை, அதனால் விசாரிக்கிற வேலை என்னுடையது. பாய் விலை சொல்வதற்கு முன்னால், “யார் யாரு, என்ன வயசு, நடக்கக் கஷ்டம் யாருக்காவது இருக்கா?” என்று கேட்டார். அப்பாவுக்கு முழங்கால் வலி என்றேன். லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேட்கலாம், நடுவில் ஆட்டமும் குறைவாக இருக்கும் என்றார். அக்கா வீட்டில் நான்கு பேர், ஒரே கேபினில் நான்கு படுக்கை வேண்டும் என்றால் உடனே முடிவு செய்யுங்கள் என்றார். கேபின் காலியாக இருந்தாலும் மூன்றாவது, நான்காவது ஆளுக்கு இடமில்லை என்று வந்துவிடுமாம். உயிர்காப்புப் படகுகளில் எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் என்று ஒரு கணக்கு உண்டு, அது நிரம்பிவிட்டால் படுக்கை இருந்தும் விற்க மாட்டார்கள் என்று விளக்கினார். கப்பல் கிளம்புகிற நாளன்று காலையில் சிங்கப்பூரில் போய் இறங்காதீர்கள், விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, முதல் நாளே போய்விடுங்கள் என்றார். கப்பலில் போய்த் திரும்புவதால் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள், அதனால் பல முறை நுழையும் விசாவா என்று பார்த்து வாங்க வேண்டும் என்றார். மலேசியாவும் தாய்லாந்தும் 2023 கடைசியிலேயே இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அந்த இரண்டும் அப்போது கவலையில்லை.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அடியில் விலையையும் எழுதிக் கொடுத்தார். அப்பா, அம்மா இருவருக்கும் கப்பல், விமானம், விசா சேர்த்து 1,62,000. அதன் மேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 8,100. அதற்கும் மேல் டி.சி.எஸ். என்று ஒரு 5 சதவீதம், 8,505. மொத்தம் 1,78,605 ரூபாய்.

அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு கப்பல் நிறுவனத்தின் தளத்தைத் திறந்தேன். அதே கப்பல், அதே தேதி, பால்கனி கேபின், இரண்டு பேருக்கு 1,12,000. விமானம் 40,000. விசாவுக்கு 6,000. மொத்தம் 1,58,000. வித்தியாசம் 20,605 ரூபாய். ஒரு கேபினுக்கே இவ்வளவு. எனக்கு முதலில் வந்தது கோபம். இவ்வளவு நல்லவராகப் பேசிவிட்டு இவ்வளவு வைத்திருக்கிறாரே என்று. அந்தக் கோபத்தில்தான், பாய் சொன்ன எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் தாளைப் பார்த்துப் பார்த்தே, அப்பா அம்மாவின் கேபினையும் எங்கள் கேபினையும் நானே புக் செய்தேன். அக்கா மட்டும், “நான் பாய்கிட்டயே போட்டுக்கிறேன்டி, எனக்கு இதெல்லாம் பார்க்க முடியாது” என்று சொல்லிவிட்டாள்.

20,605 ரூபாய்

இந்தத் தொகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இப்படி ஒரு தொகையைப் பார்த்துத்தான் பலரும் முடிவெடுக்கிறோம்.

டி.சி.எஸ். என்பது பாய்க்குப் போகிற பணமே இல்லை. வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் விற்பவர், வாங்குபவரிடமிருந்து வருமான வரிக் கணக்கில் முன்கூட்டியே பிடித்துக் கட்ட வேண்டிய தொகை அது. நாங்கள் போன வருஷம் 7 லட்சம் வரைக்கும் 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று இருந்தது. இந்த விகிதம் மாறிக்கொண்டே இருக்கிறது. போகிற வருஷத்தில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் வரவாகும். வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சமிருந்தால் திரும்ப வரும். அக்கா வீட்டு மாமாவுக்கு அப்படித்தான் வந்தது. ஆக 8,505 போய்விட்டது, மிச்சம் 12,100.

அடுத்தது என் கிரெடிட் கார்டு. கப்பல் நிறுவனத்தின் தளம் வெளிநாட்டு நாணயத்தில் பணம் எடுத்தது. தளத்தில் பார்த்த விலையை நான் கூகுளில் வந்த மாற்று விகிதத்தில் பெருக்கிப் பார்த்திருந்தேன். வங்கி அதன் மேல் 3.5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. 1,12,000-க்கு இரண்டும் சேர்ந்து 4,626 ரூபாய். அதையும் கழித்தால் நிஜமான வித்தியாசம் 7,474 ரூபாய். நான் கோபப்பட்டது இருபதாயிரத்துக்கு. அங்கே இருந்தது ஏழாயிரத்து ஐந்நூறு. பாய் தாளில் இருந்த ஜி.எஸ்.டி.யே அதைவிட அதிகம்!

அப்படியானால் பாய்க்கு எங்கிருந்து வருமானம் என்று நான் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கப்பல் நிறுவனமே ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்கிறது. நாம் கட்டுகிற கட்டணத்தில் துறைமுக வரி, அரசு வரி இவற்றுக்குக் கமிஷன் கிடையாது. அடிப்படைக் கட்டணத்திலும் ஒரு பகுதியை ‘இதற்குக் கமிஷன் இல்லை’ என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். மிச்சத்தில்தான் ஏஜென்ட்டுக்குப் பங்கு. அந்தப் பங்கும் முழுசாகப் பாய்க்கு வராது. திருச்சியில் இருக்கிற சின்னக் கடை சென்னையில் ஒருவரிடம் வாங்குகிறது, அவர் மும்பையில் ஒருவரிடம். மூன்று கை மாறி வருகிற பங்கு. நேரடியாக புக் செய்தால் அந்தக் கமிஷன் நமக்குத் தள்ளுபடியாக வரும் என்று நான் நினைத்திருந்தேன். வருவதில்லை. அதைக் கப்பல் நிறுவனம் வைத்துக்கொள்கிறது. ஏஜென்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கப்பலின் விலை பெரும்பாலும் ஒன்றுதான்.

சரி, அப்படியானால் ஏஜென்ட்டிடமே போய்விடலாமே என்று சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. பிப்ரவரியில் ஒரு நாள் தளத்தைத் திறந்து பார்த்தால் எங்கள் கேபினின் விலை 8,000 ரூபாய் குறைந்திருந்தது. இறுதித் தவணை கட்டுவதற்கு முன்னால் விலை குறைந்தால் புதிய விலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். நான் அழைத்தேன், இருபது நிமிஷம் காத்திருந்தேன், இரண்டு கேபினுக்கும் மாற்றிவிட்டார்கள். அக்காவிடம் சொன்னேன். அக்கா நேரடியாகவே கப்பல் நிறுவனத்தை அழைத்தாள். “உங்கள் புக்கிங் ஏஜென்ட் மூலமாகப் போட்டது, அவரிடம் பேசுங்கள்” என்று வைத்துவிட்டார்கள். பாயிடம் சொன்னாள். பாய் சென்னைக்குச் சொன்னார், சென்னை மும்பைக்குச் சொன்னது. நான்கு நாள் கழித்துப் பதில் வந்தபோது விலை பழையபடி ஏறிவிட்டது. ஏஜென்ட் மூலம் போட்ட புக்கிங் உங்கள் பெயரில் இருந்தாலும் உங்கள் கையில் இல்லை. அதைத் தொட அவருக்குத்தான் உரிமை. இது சின்ன விஷயம் இல்லை.

இதைவிட மோசமானதையும் பார்த்திருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், வேறு ஊரில் ஒரு ஏஜென்ட்டிடம் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். ரசீதும் ஏஜென்ட்டின் லெட்டர்ஹெட்டில்தான். கப்பலுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் தெரிந்தது, கப்பல் நிறுவனத்துக்கு முன்பணம் மட்டும்தான் போயிருக்கிறது. அதனால் யாரிடம் போட்டாலும் கப்பல் நிறுவனத்தின் சொந்த புக்கிங் எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த நிறுவனம் அனுப்பிய உறுதிச் சீட்டில் ‘செலுத்தியது’ என்ற இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கப்பல் நிறுவனமே விழுந்துவிட்டால் அது வேறு கதை. இந்தியாவில் ஜலேஷ் 2020-ல் மூடப்பட்டது. கெந்திங் ஹாங்காங் 2022 ஜனவரியில் தன்னைக் கலைக்க மனு கொடுத்தது, அதன் கீழிருந்த ட்ரீம் குரூஸஸும் அதோடு போனது. அப்போது ஏஜென்ட்டும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்க முடியும். கிரெடிட் கார்டில் கட்டியவருக்கு வங்கியிடம் போய்க் கேட்க ஒரு வழியாவது இருக்கும்.

ஆகவே பிப்ரவரியில் என் மனசில் சந்தேகமே இல்லை. நான் செய்ததுதான் சரி. அக்காவிடம் இரண்டு தடவை அதைச் சொல்லியும் காட்டினேன்.

மறுபடியும் அதே கடை

சிங்கப்பூர் விசாவை இந்தியாவிலிருந்து நாமே நேராக விண்ணப்பித்து வாங்கிவிட முடியாது. சிங்கப்பூரில் யாராவது உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கீகாரம் பெற்ற விசா ஏஜென்ட் வழியாகப் போக வேண்டும். எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. ஏஜென்ட்டே வேண்டாம் என்று முடிவு செய்த நான் மே மாதம் ஒன்பது பாஸ்போர்ட்டோடு பாயின் கடைப் படியேறினேன். ஐந்து பேருக்கு நான் வேறு இடத்தில் புக் செய்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். அக்கா சொல்லியிருப்பாள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீ வரவழைத்தார். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

அப்புறம்தான் ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகத் திறந்து படித்தார். நான் இந்தச் செயலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் பார்க்கவில்லை, படித்தார். எண், பிறந்த தேதி, காலாவதி, கடைசிப் பக்கம். அம்மாவுடையதைப் படிக்கும்போது நிறுத்தினார். அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற கட்டம் காலி. பெயர் கட்டத்தில் ஒரே ஒரு சொல், இனிஷியல்கூட இல்லை. நம் ஊரில் ஆயிரக்கணக்கான அம்மாக்களின் பாஸ்போர்ட் இப்படித்தான் இருக்கிறது. இதனால் எவ்வளவு பேர் அலைந்திருக்கிறார்கள் என்று டிராவல்ஸ்காரர்களுக்குத்தான் தெரியும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று சொன்னபோது, டிக்கெட் எடுத்து வைத்திருந்த எத்தனையோ பெற்றோர்களின் பயணத்தை நிறுத்த வேண்டி வந்தது என்று பாய் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். சில விமான நிறுவனங்கள் ஒற்றைப் பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். சில, முதல் பெயர் தெரியாது என்று பொருள்படுகிற எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்தைப் போடச் சொல்லும்.

கப்பல் நிறுவனத்தின் படிவம் சர்நேம் இல்லாமல் அடுத்த பக்கம் போகவில்லை. நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்கு நான் என்ன செய்தேன் என்றால், அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டேன். வங்கியில், ரேஷன் கார்டில், எங்கள் பள்ளிக்கூடச் சான்றிதழில் எல்லாம் அம்மாவின் பெயரோடு அப்பாவின் பெயர்தானே ஒட்டியிருக்கிறது. எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. தளமும் ஏற்றுக்கொண்டது, பணத்தை எடுத்துக்கொண்டது, நல்வாழ்த்து சொல்லி மின்னஞ்சல் அனுப்பியது.

“கப்பல் டிக்கெட்ல அம்மா பேரு எப்படிம்மா போட்டிருக்கீங்க?”

ஃபோனைத் திறந்து காட்டினால் விலை தெரியும். ஜனவரி இரவில் புக் செய்த தேதி தெரியும். அவர் தாளைக் கொடுத்த அதே சனிக்கிழமை அது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்க, “சரியாத்தான் இருக்கு பாய்” என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். “சரிம்மா” என்று அடுத்த பாஸ்போர்ட்டை எடுத்தார்.

மரினா பே

முதல் நாளே சிங்கப்பூர் போய் லிட்டில் இந்தியாவில் தங்கிவிட்டு, கிளம்புகிற நாள் பகல் ஒன்றரை மணிக்கு மரினா பே க்ரூஸ் சென்டருக்குப் போனோம். 2012-ல் திறந்த கட்டடம், பெரிய விமான நிலையம் மாதிரி இருக்கிறது. அக்கா வீட்டு நான்கு பேரும் பத்து நிமிஷத்தில் உள்ளே போய்விட்டார்கள். அப்பா, என் கணவர், என் மகன், நான் எல்லோருக்கும் சரியாக இருந்தது. அம்மாவின் முறை வந்தபோது கவுண்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரும்பப் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பயணிகள் பட்டியலில் இருக்கிற பெயர் வேறு, பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் இருக்கிற பெயர் வேறு. ஓரமாக நிற்கச் சொன்னார்.

ஐம்பத்தைந்து நிமிஷம் நின்றோம். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், ஃபோனில் யாரிடமோ பேசினார்கள். எந்த ஏஜென்ட் என்று கேட்டார்கள். ஏஜென்ட் இல்லை, நானேதான் என்றேன். அவர்கள் சாதாரணமாகத்தான் கேட்டார்கள். ஆனால் அந்தப் பதிலைச் சொல்லும்போது எனக்குக் காலுக்கடியில் தரை இல்லாத மாதிரி இருந்தது. கப்பல் கிளம்புவதற்கு வெகு முன்பாகவே கவுண்ட்டரை மூடிவிடுவார்கள். கடிகாரம் கண்ணெதிரே இருந்தது. அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடிக்கு வெளியே கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கப்பல் கரையை ஒட்டியே நின்றிருந்தது, படகு தேவையில்லை. நான் ஒரு பெயரைத் தப்பாகப் போட்டதால் அவர் மறுபடியும் கரையிலேயே இருந்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

அம்மா என் புடவைத் தலைப்பைத் தொட்டாள். “ஏம்மா, நான் வேணா அந்த லிட்டில் இந்தியா ரூம்லயே இருந்துக்கிறேன். நாலு நாளுதானே. நீங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க” என்றாள். குரலில் வருத்தமே இல்லை. அம்மா வாழ்நாள் முழுக்க எந்த வரிசையிலும் இதைத்தான் சொல்லியிருக்கிறாள், நான் வேணா இருந்துக்கிறேன் என்று. தாங்க முடியாமல் போனது அந்த வாக்கியம்தான்.

கடைசியில் எனக்கு நினைவு வந்தது, பாய் படித்த கடைசிப் பக்கம். அம்மாவின் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் அச்சிட்டிருந்தது. அதைத் திறந்து, இதோ இந்தப் பெயரைத்தான் நான் சர்நேம் கட்டத்தில் போட்டேன் என்று மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவர் பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் சரிபார்த்தார், அப்பாவின் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார், பட்டியலில் பெயரைத் திருத்தச் சொன்னார். அம்மாவின் கழுத்தில் அறை அட்டையை மாட்டியபோது மணி இரண்டரை தாண்டியிருந்தது.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது அப்பாவுடையது. ஒன்று மட்டும். செலவைக் குறைக்க நான் ‘அறை எண் பிறகு ஒதுக்கப்படும்’ என்ற மலிவான வகையை எடுத்திருந்தேன். அப்பா அம்மாவுக்குக் கிடைத்த அறை கப்பலின் ஒரு முனையில். 300 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் அது. சாப்பாட்டுக் கூடம் மறுமுனையில். அக்காவின் அறை பாய் கேட்டு வாங்கியபடி லிஃப்ட்டுக்கு எதிரே இருந்தது. இரண்டாம் நாளே அக்கா அப்பா அம்மாவைத் தன் அறைக்கு மாற்றிவிட்டு, தான் பிள்ளைகளோடு அந்த முனைக்குப் போய்விட்டாள். சொல்லிக்காட்டவில்லை. பிப்ரவரியில் நான் இரண்டு தடவை சொல்லிக்காட்டியதை நினைத்துக்கொண்டேன். பினாங்கு தெரியத் தொடங்கியபோது விடியவில்லை. அப்பா பால்கனியில் நின்றிருந்தார்.

படிப்பவர்

ஏஜென்ட்டா, நேரடியா என்று யாராவது கேட்டால் எல்லோரும் விலையில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது எனக்குத் தெரிகிற வித்தியாசம் வேறு. நல்ல ஏஜென்ட் பணத்தை வாங்குவதற்கு முன்னால் உங்கள் காகிதங்களைப் படிக்கிறார். தளம் பணத்தை முதலில் வாங்கிக்கொள்கிறது, காகிதங்களைத் துறைமுகத்தில்தான் படிக்கிறது. அடிக்கடி கப்பலில் போகிறவர், பெயரும் பாஸ்போர்ட்டும் சிக்கலில்லாதவர், இரண்டு பேராகப் போகிறவர் என்றால் நேரடியாகப் போடுங்கள், புக்கிங் உங்கள் கையில் இருக்கும், விலை குறைந்தால் உடனே பிடிக்கலாம். எழுபது வயது அப்பாவையும் ஒற்றைப் பெயர் அம்மாவையும் முதல் முறையாகக் கூட்டிப் போகிறவர் என்றால், படிக்கிற ஒருவரிடம் போங்கள். எல்லா ஏஜென்ட்டும் படிப்பவர்கள் இல்லை. முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும். விலையை முதலில் சொல்கிறவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். யாருக்கு முழங்கால் வலி என்று கேட்கிறவரிடம் உட்காருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவரிடம் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு, இரவில் வேறு இடத்தில் புக் செய்வது சரியில்லை. கமிஷன் புக்கிங்குக்குத்தான் வருகிறது, பேச்சுக்கு வருவதில்லை. அவருடைய பேச்சை நான் இலவசமாக எடுத்துக்கொண்டேன். நேரடியாகப் போடுவதுதான் முடிவு என்றால் நம் விசாரணையையும் நாமே செய்துகொள்ள வேண்டும். இல்லையா, அந்த விசாரணைக்கு ஒரு தொகையைக் கேட்டுக் கொடுத்துவிட வேண்டும். இந்த ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை, தெரியும். ஆனால் நான் அன்று அப்படிச் செய்திருந்தால் அந்த மதியம் ஃபோனைத் திறந்து காட்ட எனக்குக் கூச்சம் இருந்திருக்காது.

ஜூனில், பினாங்கில் வாங்கிய ஜாதிக்காய் ஊறல் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அம்மாவும் கூட வந்தாள். “ஏறுறப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லையேம்மா?” என்று பாய் கேட்டார். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன், ஜனவரி இரவு உட்பட. அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, “ரெண்டு கட்டத்துலயும் அம்மா பேரையே போட்டிருக்கணும். அந்தக் கம்பெனிக்கு அப்படித்தான் போடுறது” என்றார். அவ்வளவுதான். பிறகு அம்மாவிடம் திரும்பி, அடுத்த வருஷம் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது சர்நேம் ஒன்று சேர்த்துவிடுங்கள், இனிமேல் எங்கே போனாலும் தொந்தரவு இருக்காது என்றார்.

“என்ன பேரு போடுறது?”

“உங்க வீட்டுக்காரர் பேரு போடலாம். இல்ல, உங்க அப்பா பேரு.”

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். “இத்தனை வருஷமா ஒரே பேருலதானே இருந்தேன். அந்தக் கட்டம் காலியா இருந்தா ஏத்தவே மாட்டாங்களா?”

“ஏத்துவாங்கம்மா. முன்னாடியே சொல்லிடணும்.”

“அப்ப முன்னாடியே சொல்லிடு” என்றாள் அம்மா, என்னைப் பார்த்து.